கூடம் வரைக்கும் தாங்கல்

பௌர்ணமிக்கு மறுநாள் என்பதால் அன்றைக்குத் துணி ஜாஸ்தி. ரமணாசிரமத்தைச் சுற்றியுள்ள கெஸ்ட்ஹவுஸ்களில் இருந்து வந்த பெட்ஷீட்டுகளை அருணாதேவி வீட்டின் பின்பக்கம் கட்டியிருந்த கயிறுகளில் உதறி விரித்துக்கொண்டிருந்தாள். வேலிக்கு அந்தப் பக்கம் வந்து நின்று சடையன் குரல் கொடுத்தார். பக்கத்து வீட்டுக்காரர். ரிட்டயரான பஸ் கண்டக்டர். அந்தக் காலனியில் மனை வாங்க, விற்க வருகிறவர்கள் அவரைத்தான் தேடி வருவார்கள்.

"தங்கச்சி, சேதி தெரியுமா? நம்ம தாங்கலை கவர்மெண்டுல இருந்து அளக்க வர்றாங்களாம்."

"தாங்கலைத்தானே அண்ணா? அளந்துட்டுப் போவட்டும்."

"அப்படி இல்லம்மா. தாங்கல் எங்க முடியுது, மனை எங்க ஆரம்பிக்குதுன்னு பார்க்கப் போறாங்க. தண்ணி நிக்கிற எடம் மட்டும் இல்ல. மண்ணு ஈரமா இருந்தா, கோரை மொளைச்சிருந்தா, அதையும் உள்ள சேர்த்துக் கோடு போடுவாங்களாம். ஈர நிலம்னு பேராம் அதுக்கு."

அருணாதேவி குனிந்து பார்த்தாள். அவள் நின்ற இடத்தில் செருப்பு மண்ணுக்குள் அமுங்கியிருந்தது. காலை எடுத்தாள். அந்தத் தடத்தில் மெல்ல நீர் ஊறியது. சடையன் பார்த்துவிடுவாரோ என்று சட்டென்று அதன் மேலேயே திரும்ப நின்றுகொண்டாள். அவருக்குத் தெரியாத விஷயம் இல்லை அது. 

அருணாதேவி கீழ்பென்னாத்தூர் பக்கம் ஒரு கிராமத்தில் மல்லாட்டை, அதாவது வேர்க்கடலை, போடுகிற குடும்பத்தில் பிறந்தவள். மழை இல்லையே என்ற கவலையில் வளர்ந்த வீடு. மழை வந்துவிடுமோ என்று பயப்பட அவள் கற்றுக்கொண்டது இந்த வீட்டுக்குக் குடிவந்த பிறகுதான். புருஷன் திருமலை கார் ஓட்டுகிறவன். சென்னைக்கும் பெங்களூருக்கும் போய் விமானத்தில் வந்து இறங்கும் ஆட்களை அழைத்து வருவான். கல்யாணமான புதிதில் இவள் ஒரு கெஸ்ட்ஹவுஸில் அறை பெருக்கப் போனாள். மூட்டை மூட்டையாக அழுக்குத் துணி வெளியே சலவைக்குப் போவதைப் பார்த்து, நாமே ஏன் எடுக்கக் கூடாது என்று கேட்டு ஆரம்பித்தது இந்தத் தொழில். வாடகை வீட்டின் தண்ணீர் அதற்குப் போதவில்லை. அதனால்தான் செங்கம் ரோட்டில் இருந்து உள்ளே தள்ளி, நாவல் தாங்கலை ஒட்டிப் போட்டிருந்த மனைகளில் ஒன்றை வாங்கினார்கள். தாங்கல் என்றால் சின்ன ஏரி. அவர்கள் பார்க்கப் போனது சித்திரை மாதம். தாங்கலில் பையன்கள் கிரிக்கெட் ஆடிக்கொண்டிருந்தார்கள். மனை போட்டவர்கள் செம்மண்ணைக் கொட்டி நிரவி, வெள்ளைக் கல் நட்டு, கலர் தோரணம் கட்டியிருந்தார்கள். போர் போட்டால் கை நீட்டும் ஆழத்தில் தண்ணீர் என்றார்கள். அது பொய்யில்லை.

முதல் மழைக்கே தெரிந்துவிட்டது. சுவரில் அடித்த பெயிண்ட் அப்பளம் மாதிரி உப்பி உதிர்ந்தது. தரையில் பாய் போட்டால் காலையில் பாயின் அடிப்பக்கம் நனைந்திருந்தது. குளிக்கும் அறைக்குள் தண்ணீர்ப் பாம்பு வந்தது. ஒவ்வொரு வருஷமும் கொஞ்சம் கொஞ்சமாகப் பழகிக்கொண்டார்கள். சுற்றிலும் மற்றவர்கள் வண்டி வண்டியாகக் கிராவல் அடித்து மனையை உயர்த்தினார்கள். உயர உயர, அங்கே நிற்க வேண்டிய தண்ணீரும் இவர்கள் மனைக்கே வந்தது.

பிறகு ஒரு வருஷம் புயல் வந்தது. கார்த்திகை தீபத்துக்கு முந்தின வாரம். விடிந்தும் விடியாமல் இருந்தது. மலையே தெரியாத மழை. அருணாதேவி எழுந்து கட்டிலில் இருந்து காலை கீழே வைத்தபோது முழங்கால் வரை குளிர்ந்தது. "தமிழு!" என்று மகளைக் கூப்பிட்டாள். தமிழ்செல்வி அதற்குள் எழுந்து, துவைத்த துணிகள் நனைந்துவிடுமே என்று பின்பக்க ஷெட்டுக்குப் போயிருந்தாள். வாஷிங் மெஷின்கள் இருக்கும் ஷெட். பிளக்குகள் தண்ணீருக்குள் இருந்தன. ஒரு சத்தம் கேட்டது. பெரிய சத்தம் இல்லை. தட்டு விழுந்தது போல. அருணாதேவி ஓடிப்போய்ப் பார்த்தபோது பெண் ஷெட் வாசலில் குப்புற, முகம் தண்ணீரில், கிடந்தாள். தொடப் போனவளை, "தொடாத, தொடாத, மெயினை அணை!" என்று வேலிக்கு அந்தப் பக்கம் இருந்து கத்தியது சடையனின் மனைவி ராணியம்மாள். மெயின் சுவிட்சு முன்வாசலில் இருந்தது. கூடத்தின் தண்ணீரைத் தள்ளிக்கொண்டு அது வரை போய்த் திரும்பிய அந்த நேரத்தைப் பற்றி அருணாதேவி அதற்குப் பிறகு யாரிடமும் பேசியதில்லை.

பெண் பிழைத்துக்கொண்டாள். வலது கை மணிக்கட்டில் இருந்து முழங்கை வரை தோல் சுருங்கிப்போன ஒரு தழும்பு மட்டும் நின்றுவிட்டது. இப்போது நர்சிங் முடித்து டவுனில் ஒரு ஆஸ்பத்திரிக்கு வேலைக்குப் போகிறாள். மழை மேகம் கட்டினால் அம்மாவுக்கு போன் செய்து ஒரே ஒரு கேள்வி கேட்பாள்: "மெயினை அணைச்சிட்டியாம்மா?"

தண்ணீர் வடிந்ததும் திருமலை செய்த முதல் வேலை, கூடத்துச் சுவரில் தண்ணீர் விட்டுப்போன பழுப்புக் கோட்டின் மேல் சுண்ணாம்பு அடித்ததுதான். வீடு வாங்க வருகிறவன் அதைப் பார்த்தால் போச்சு என்றான். அவனுக்கு விற்றுவிட்டுப் போகும் ஆசை இருந்தது.

இப்படி இருக்கும்போதுதான் அளக்க வருகிறார்கள் என்ற சேதி. அருணாதேவிக்கு இன்னொரு காட்சியும் மனசில் இருந்தது. சென்ற வருஷம் உறவினர் வீட்டுக்குப் போகும் வழியில், பஸ் ஜன்னலில் இருந்து பார்த்தது. எங்கோ ஒரு ஏரிக்கரை. ஜேசிபி ஒரு வீட்டை இடித்துக்கொண்டிருந்தது. பாதிச் சுவர் போய் சமையலறை வெளியே தெரிந்தது. மிச்சமிருந்த சுவரில் காலண்டர் ஆடியது. ரோட்டோரம் ஒருத்தி கேஸ் சிலிண்டரைக் கட்டிப் பிடித்தபடி உட்கார்ந்திருந்தாள். அழவில்லை. பஸ் நகர்ந்துவிட்டது. அருணாதேவிக்கு அந்த முகம் நகரவில்லை.

அந்த ஞாயிற்றுக்கிழமை சடையன் வீட்டு வாசலில் எல்லாரும் கூடினார்கள்.

"மண்ணு, செடி, தண்ணி. இந்த மூணைத்தான் பார்ப்பாங்களாம்," என்றார் சடையன். "செடியை இன்னைக்கே வெட்டிருங்க. சம்பு, கோரைன்னு தண்ணியில மொளைக்கிற புல்லு ஒன்னு விடாம. வேருக்கு மருந்து ஊத்துங்க. மண்ணு மேல கிராவல் போட்ருவோம். தண்ணி வந்துச்சான்னு கேட்டா, பொட்டுத் தண்ணி நின்னது கிடையாதுன்னு சொல்லணும். எல்லாரும் ஒரே மாதிரி சொல்லணும். ஒருத்தர் வாயைத் தொறந்தாலும் எல்லாருக்கும் சேர்த்துத்தான் ஆப்பு."

அவர் யாரையும் குறிப்பாகப் பார்க்கவில்லை. ஆனால் வேலியோரம் தாங்கலுக்கு மிக அருகில் இருந்தது அருணாதேவியின் மனைதான்.

அன்று மாலை வரை அவளும் திருமலையும் அரிவாளோடு நின்று சம்பை வெட்டினார்கள். ஆள் உயரத்துக்கு வளர்ந்திருந்தது. வெட்ட வெட்டச் சேற்றில் இருந்து அழுகின முட்டை நாற்றம் கிளம்பியது. மூக்கைப் பொத்திக்கொண்டு மருந்து ஊற்றினாள். மறுநாள் வந்த லாரி கிராவலை இறக்கிவிட்டுப் போனது. நிரவி முடித்ததும் பின்பக்கம் புது ரோடு போல ஆகிவிட்டது.

அந்த வாரத்தில்தான் இன்னொன்றும் நடந்தது. சடையன் ஒரு இளம் தம்பதியைக் கூட்டி வந்து அருணாதேவி வீட்டுக்கு மறுபக்கத்துக் காலி மனையைக் காட்டினார். பெண் நிறைமாதமாக இருந்தாள். இடுப்பில் கையை ஊன்றி நின்று, வேலிக்கு இந்தப் பக்கம் பார்த்து, "அக்கா, மழைக்கு இங்க தண்ணி எதுனா வருமா?" என்று கேட்டாள்.

சடையன் இவளைப் பார்த்தார்.

"ஒன்னும் பயம் இல்லம்மா," என்றாள் அருணாதேவி.

அந்தப் பெண் சிரித்துவிட்டுப் போனாள். அருணாதேவி உள்ளே வந்து ஒரு செம்புத் தண்ணீர் குடித்தாள். அன்று முழுவதும் துணி அயர்ன் செய்துகொண்டே இருந்தாள். இதுவரை வீடு போய்விடும் என்றுதான் பயந்திருந்தாள். இது வேறு பயம். அந்தப் பெண் ஒரு குழந்தையைத் தரையில் விட்டுவிட்டு அடுப்படிக்குப் போவதும், தண்ணீர் கதவுக்கு அடியில் சத்தமில்லாமல் உள்ளே வருவதும் திரும்பத் திரும்பக் கண்ணில் வந்தது.

அளக்க வந்தவர்கள் சின்னக் கூட்டம்தான். சர்வேயர் ஒருவர், அவருக்கு உதவியாக இரண்டு பேர், அப்புறம் ஒரு பெண். முப்பது வயசு இருக்கும். தலையில் தொப்பி, காலில் ரப்பர் பூட்ஸ். பேர் கீதாஞ்சலி என்றும், செடியும் மண்ணும் படித்தவள் என்றும் சொன்னார்கள். அவளிடம் மிரட்டலோ அதிகாரமோ எதுவும் இல்லை. அதுவே அருணாதேவிக்குக் கூடுதல் பயமாக இருந்தது.

தாங்கலின் நடுவில் இருந்து ஆரம்பித்து வீடுகளை நோக்கி நேராக நடந்து வந்தார்கள். கொஞ்ச தூரத்துக்கு ஒருமுறை நின்று, கைப்பிடி வைத்த ஒரு நீளத் திருகு இரும்பை மண்ணில் முறுக்கி இறக்கி, வெளியே எடுத்து, அதில் ஒட்டிய மண்ணைத் தட்டில் நீளமாகப் பரப்பிப் பார்த்தார்கள். எங்கே ஈரநிலத்தின் அடையாளம் முடிகிறதோ அங்கே ஒரு கம்பியில் சிவப்புத் துணிக்கொடி. கொடிகளை இணைத்தால் அதுதான் எல்லை. அப்புறம் கருவியை வைத்து சர்வேயர் இடத்தைப் பதிந்துகொண்டார். கொடிகள் வளைந்து வளைந்து வேலியை நெருங்கி வந்தன. காலனி முழுக்க வந்து நின்று பார்த்தது. 

அருணாதேவியின் வேலிக்கு வந்ததும் கீதாஞ்சலி புதுக் கிராவலைப் பார்த்தாள். வெட்டின சம்பின் அடிக்கட்டைகள் ஓரத்தில் கருகி நின்றதையும் பார்த்தாள். 

"உள்ள வரலாமாங்க?"

"வாங்க மேடம்," என்றான் திருமலை.

கயிறுகளுக்கு நடுவில், தொங்கும் பெட்ஷீட்டுகளை விலக்கிக்கொண்டு நடந்து வந்து இரும்பை இறக்கினார்கள். முதலில் கிராவல் வந்தது. அதற்குக் கீழே செம்மண். அதற்கும் கீழே, இரும்பு இன்னும் ஆழம் போனதும், சாம்பல் நிறத்தில் பசை மாதிரி ஒரு களிமண். அதில் செத்த வேர்கள் ஓடிய தடம் எல்லாம் துருப்பிடித்த ஆணி வைத்தது போலச் செம்பழுப்புக் கோடுகள். கூடவே இரண்டு நத்தை ஓடுகள். அருணாதேவியின் மூக்குக்கு அதே அழுகின நாற்றம் வந்தது. மண்ணே எழுந்து வந்து பேசுவது போல இருந்தது அவளுக்கு. 

"மேடம், இது எல்லாம் மேட்டு நிலம்," என்றார் சடையன் வேலிக்கு வெளியே இருந்து. "முப்பது வருஷமா பாக்கறேன். பொட்டுத் தண்ணி நின்னது கிடையாது."

கீதாஞ்சலி அவருக்குத் தலையை ஆட்டிவிட்டு இன்னும் இரண்டு இடத்தில் தோண்டச் சொன்னாள். ஷெட்டுக்குப் பின்னால் சாம்பல் மண் வந்தது. ஷெட்டுக்கும் வீட்டுக்கும் நடுவில் சிமெண்ட் தளம். அங்கே தோண்ட முடியாது. வீட்டுக்கு முன்பக்கம் தோண்டினால் நல்ல செம்மண்.

"நடுவுல எங்கன்னு மண்ணை வச்சுச் சொல்ல முடியல," என்று சர்வேயரிடம் சொன்னாள். "சிமெண்ட் இருக்கு. தண்ணி வந்த அடையாளம் ஏதாவது இருந்தா அதை வச்சுப் போடலாம். இல்லன்னா ஷெட்டுக்குப் பின்னாலயே போட வேண்டியதுதான்."

பிறகு அருணாதேவி பக்கம் திரும்பினாள்.

"அக்கா, மழைக்கு இங்க தண்ணி எதுவரைக்கும் வந்திருக்குங்க?"

கொடி ஷெட்டுக்குப் பின்னால் என்றால் வீடு தப்பித்தது. திருமலையின் முகத்தில் அது தெரிந்தது. வேலியோரம் நின்றவர்களின் முகத்திலும். ஒரு வார்த்தை போதும். வரலைங்க. ஏற்கெனவே ஒரு முறை சொன்ன பொய்தான்.

அருணாதேவி கேட்டாள்: "கோடு வீட்டுக்குள்ள வந்தா, வீட்டை இடிச்சிருவாங்களா?"

கீதாஞ்சலி மண் தட்டைக் கீழே வைத்தாள்.

"எனக்குத் தெரியாதுங்க அக்கா. பட்டா எடம்னா அப்படி உடனே இடிக்க மாட்டாங்கன்னு நினைக்கிறேன். ஆனா முடிவு பண்றது நான் இல்ல. இடிக்க மாட்டாங்கன்னு நான் சத்தியம் பண்ணிட்டுப் போனா அது பொய்."

ஆறுதலாக ஏதாவது சொல்வாள் என்று எதிர்பார்த்தவளுக்கு அது குளிர்ந்த தண்ணீரை முதுகில் ஊற்றியது போல இருந்தது. ஆனால் அந்தப் பெண் பொய் சொல்லவில்லை என்பது மட்டும் நிச்சயமாகப் பட்டது. சர்வேயரின் ஆள் கொடியை எடுத்துக்கொண்டு ஷெட்டுக்குப் பின்னால் போனான். குனிந்து கம்பியை மண்ணில் வைத்தான்.

கொடிக்கு இந்தப் பக்கம் எல்லாம் மேட்டு நிலம் என்று ஆகிவிடும். இந்தப் பக்கத்து ஷெட் வாசலில்தான் தமிழு குப்புறக் கிடந்தாள்.

"அங்க இல்லைங்க," என்றாள் அருணாதேவி. குரல் வேறு யாருடையதோ போல வந்தது. "வீட்டுக்குள்ள வாங்க."

"அருணா," என்றான் திருமலை. "சும்மா இரு."

அவள் திரும்பிப் பார்க்கவில்லை. பார்த்தால் நின்றுவிடுவோம் என்று தெரிந்தது. பின்வாசல் வழியாகக் கூடத்துக்குள் நுழைந்து, சாமி படத்துக்குக் கீழே, சுண்ணாம்பு அடித்த சுவரில் கையை வைத்தாள். அவள் முழங்காலுக்கு மேலே இருந்தது அந்த இடம்.

"இதுவரைக்கும் வந்துச்சு. சுண்ணாம்பைச் சொரண்டிப் பாருங்க, கோடு இருக்கும். என் பொண்ணு தண்ணியில செத்துப்போய்ப் பொழைச்சா. வருஷா வருஷம் தரையில ஊறுது. நீங்க எழுதிக்கோங்க."

கீதாஞ்சலி பூட்ஸைக் கழற்றிவிட்டு வெறுங்காலோடு உள்ளே வந்து, சாவியால் சுவரைச் சுரண்டினாள். பழுப்புக் கோடு தெரிந்தது. சர்வேயர் அதன் உயரத்தை அளந்து கருவியில் பதிந்தார். முன்பக்கத்து மண் மேட்டு மண் என்பதால் கோட்டை வீட்டுக்குள்ளேயே நிறுத்தினார்கள். கொடிகள் முன்வாசலுக்குச் சற்று உள்ளே, கூடத்தைப் பாதியாக வெட்டிக்கொண்டு போயின. வீட்டுத் தரையில் கம்பி நட முடியாது என்பதால் அங்கே மட்டும் சிவப்புச் சாக்பீஸால் ஒரு கோடு போட்டார்கள். மறுபக்கத்து வேலிக்கு அப்பால் காலி மனை மொத்தமும் உள்ளே போயிற்று.

அவர்கள் போனபின் திருமலை சட்டையை மாட்டிக்கொண்டு வெளியே கிளம்பினான். வாசலில் நின்று, "வீட்டை நீயே எடுத்துக் குடுத்துட்ட," என்றான். கத்தவில்லை. சொல்லிவிட்டு வண்டியை எடுத்துக்கொண்டு போய்விட்டான். அவள் சாக்பீஸ் கோட்டை மிதிக்காமல் சுவரோரமாக நடந்து சமையலறைக்குப் போனாள். அரிசி களைந்தாள். பாதி அரிசி தண்ணீரோடு தரையில் கொட்டியது. சாயங்காலம் வேலை முடிந்து வந்த தமிழ்செல்வி எல்லாம் கேட்டுவிட்டு அம்மாவின் பக்கத்தில் உட்கார்ந்து, சிந்திய அரிசியைத் தரையில் இருந்து பொறுக்கினாள்.

அதற்குப் பின்னான மாதங்களை அருணாதேவி எப்படிக் கடந்தாள் என்று கேட்டால் அவளுக்கே சொல்லத் தெரியாது. சடையன் பேச்சை நிறுத்திக்கொண்டார். குடிதண்ணீர் லாரி இவள் வாசலில் நிற்பதில்லை. ஒருநாள் டவுனுக்குப் போய்த் திரும்பியபோது கயிறுகள் எல்லாம் அறுபட்டு, வெள்ளைப் பெட்ஷீட்டுகள் சேற்றில் கிடந்தன. நாய் இழுத்திருக்கும் என்றார்கள். நாய் கயிற்றைக் கத்தியால் அறுக்காது. அவற்றை எல்லாம் திரும்பத் துவைத்தாள். துவைக்கும்போது முதுகுக்குப் பின்னால் யாரோ நிற்பதாகவே தோன்றியது. மோட்டார் சைக்கிளில் வாசலுக்கு வந்து நின்று, ஹெல்மெட்டைக் கழற்றாமலேயே ஒருவன், "இதான் அந்த வீடா?" என்று யாரிடமோ போனில் கேட்டுவிட்டுப் போனான். கொடிகளை யாரோ பிடுங்கிப் போட்டார்கள். சர்வேயர்கள் திரும்ப வந்து, பதிந்து வைத்த இடங்களைப் பார்த்து, கொடிக்குப் பதிலாகக் கல்லையே நட்டுவிட்டுப் போனார்கள். திருமலை வீட்டுக்கு வந்து போய்க்கொண்டுதான் இருந்தான். சாப்பிட்டான், தூங்கினான். தேவையானதற்கு மட்டும் பேசினான்.

அந்த நிறைமாதப் பெண் திரும்ப வரவில்லை. காலி மனை காலியாகவே இருந்தது.

புரட்டாசி முடியும் சமயம். காலை நேரம். தெருமுனையில் இருந்து அந்தச் சத்தம் வந்தது. அருணாதேவி மெஷினில் துணி போட்டுக்கொண்டிருந்தாள். முதலில் டிராக்டர் என்று நினைத்தாள். பிறகு மஞ்சள் நிறம் தெரிந்தது. ஜேசிபி, கையை மடக்கிவைத்துக்கொண்டு, ஆடி ஆடித் தெருவுக்குள் திரும்பியது. பின்னாலேயே ஒரு ஜீப்.

 மெஷினைத் திறந்தபடியே விட்டுவிட்டு ஓடினாள். உள்ளே போய் எதை எடுப்பது என்று தெரியாமல் சாமி படத்தை எடுத்தாள். அதை வைத்துவிட்டுத் தமிழ்செல்வியின் சர்ட்டிபிகேட் பையை எடுத்தாள். கேஸ் சிலிண்டரைக் கழற்றி வாசல் வரை உருட்டிக்கொண்டு வந்தாள். அன்று வீட்டில் இருந்த திருமலை தூக்கத்தில் இருந்து எழுந்து வந்தவன், அவள் முகத்தைப் பார்த்து, பிறகு தெருவைப் பார்த்தான். அவன் வாசலுக்கு வந்து, அவளுக்கு முன்னால் நின்றுகொண்டான். இடுப்பில் லுங்கி மட்டும். கையில் ஒன்றும் இல்லை. நின்றான், அவ்வளவுதான்.

ஜேசிபி இவர்கள் வாசலுக்கு வந்தது. நிற்கவில்லை. தாண்டிப் போய், காலி மனையில் ஏறி, கையை நீட்டி, மண்ணில் இறக்கியது.

ஜீப்பில் இருந்து இறங்கியவர்களில் கீதாஞ்சலியும் இருந்தாள். அவள்தான் வந்து சொன்னாள். தாங்கல் நிரம்பினால் மிச்சத் தண்ணீர் வெளியே போக ஒரு கால்வாய் இருந்திருக்கிறது. மனை போட்டவர்கள் அதை மூடி, அதன் மேலேயே மனை பிரித்துவிட்டார்கள். எல்லைக் கோடு போட்டபின்தான், தண்ணீர் ஏன் வெளியே போகாமல் வீட்டுக்குள் வருகிறது என்ற கேள்வி வந்து, தேடிக் கண்டுபிடித்தார்கள். அந்தக் கால்வாய் காலி மனைக்கு அடியிலும், சடையன் விற்பதற்காக வைத்திருந்த இன்னொரு மனைக்கு அடியிலும் போகிறது.

"வீடு?" என்றாள் அருணாதேவி. சிலிண்டரை இன்னும் பிடித்திருந்தாள்.

"உங்க வீட்டைத் தொட மாட்டாங்க. ஆனா கல்லுக்கு உள்ள இனிமே எதுவும் கட்டக் கூடாது. மண்ணு கொட்டக் கூடாது. பின்பக்கத்து ஷெட்டை எடுத்துரணுங்க. விக்கிறது கஷ்டம்தான். வாங்கறவங்க கல்லைப் பார்ப்பாங்க."

அருணாதேவி தரையில் உட்கார்ந்தாள். நிம்மதி என்று சொல்வதற்கில்லை.  திருமலை சிலிண்டரை எடுத்து உள்ளே கொண்டுபோய் மாட்டினான். வெகுநேரம் சமையலறையில் இருந்து வெளியே வரவில்லை. வந்தபோது, "டீ போடட்டா?" என்று கேட்டான்.

ஐப்பசியில் மழை பிடித்துக்கொண்டது. கால்வாய் பாதிதான் தோண்டி முடிந்திருந்தது. சடையன் மனைக்கு அடியில் போகும் பகுதிக்கு அவர் கோர்ட்டில் தடை வாங்கியிருந்தார். தண்ணீர் வந்தது. பின்பக்கம் நிரம்பி, ஷெட் இருந்த இடத்தைத் தாண்டி, சிமெண்ட் தளத்தில் ஏறி, பின்வாசல் படியைத் தொட்டது. மெயினை முன்னமே அணைத்துவிட்டிருந்தார்கள். சாமானெல்லாம் பரண் மேல். அம்மாவும் பெண்ணும் கட்டிலில் காலைத் தூக்கி வைத்து உட்கார்ந்து படியையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். படியில் ஒரு எறும்பு வரிசை மேலே மேலே ஏறியது. மதியம் வரை தண்ணீர் ஏறவும் இல்லை, இறங்கவும் இல்லை. பிறகு வெட்டின பாதிக் கால்வாயில் சலசலவென்று ஓடும் சத்தம் கேட்க ஆரம்பித்தது. சாயங்காலம் படியின் கீழ்ப்பாதி தெரிந்தது.

"இந்த முறை வரலம்மா," என்றாள் தமிழ்செல்வி.

"இந்த முறை," என்றாள் அருணாதேவி.

மறுநாளே திருமலையோடு போய் செங்கம் ரோட்டின் மேட்டுப் பக்கம் ஒரு கடையின் மேலே அறை பார்த்தாள். மெஷின்களை அங்கே கொண்டுபோய்விடுவது, ஒவ்வொரு வருஷமும் ஐப்பசியில் இருந்து மார்கழி வரை தாங்களும் அங்கேயே இருந்துவிடுவது என்று முடிவானது. காலனியில் சிலர் சிரித்தார்கள். சொந்த வீட்டைப் பூட்டிவிட்டு வாடகைக்குப் போகிறாளாம் என்றார்கள். அவள் காதில் விழுந்தது. பயந்துபோய்த்தான் போகிறோம் என்பதை மறைக்க வேண்டும் என்று அவளுக்குத் தோன்றவில்லை.

மூட்டைகளை ஆட்டோவில் ஏற்றிக்கொண்டிருந்தபோது ராணியம்மாள் வேலியோரம் வந்தாள். சடையன் வீட்டில் இல்லை. புடவைத் தலைப்பால் தலையை மூடிக்கொண்டு, தெருவின் இரண்டு பக்கமும் பார்த்துவிட்டு, தாழ்ந்த குரலில் பேசினாள்.

"அருணா, நேத்து எங்க வீட்டு பாத்ரூம் தரையில இருந்து தண்ணி ஊறிச்சு. அவரு பைப்பு லீக்குன்றாரு."

அருணாதேவி கையில் இருந்த மூட்டையை இறக்கி வைத்தாள்.

"நீ போற எடத்துல இன்னொரு ரூம் காலியா இருக்குதா?"

"இருக்கு அண்ணி. ஆனா படி ஜாஸ்தி. உங்க முட்டிக்கு ஆவாது."

"எத்தினி மாடி?"

"ரெண்டாவது மாடி."

"அதுவே சொல்லி வை," என்றாள் ராணியம்மாள்.